சுத்தியல் முகம்

என் சகலையை இந்தப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் எனக்குச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். முன்பு பேண்டு வாத்தியம் பழுதுபார்க்கும் கடையில் இருந்தான். நசுங்கிய டிரம்பெட்டை நிமிர்த்துவது அவன் வேலை. கடைக்காரர் திடீரென்று இடத்தைக் காலி செய்துவிட்டுப் போக, இவன் இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி தினமும் சாதத்தோடு அவன் பேச்சையும் சேர்த்துப் பரிமாறினாள்.

"உங்க பட்டறையும் தகடு நிமிர்த்துற இடம்தானே. ஒரு வார்த்தை சொன்னா என்ன, வாய்ல இருக்கற முத்தா உதிர்ந்துடும்?"

சொன்னேன். டிரம்பெட் தட்டியவன் மட்கார்டு தட்டி என்ன கிழித்துவிடப் போகிறான், நமக்குப் பின்னால் சாமான் எடுத்துக் கொடுத்துக்கொண்டு கிடப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன். நல்ல மனதோடு செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் ஐம்பது அறுபது வருஷத்துக் கார்கள். அவற்றில் ஒரு மட்கார்டு நசுங்கினால் கடைக்குப் போய் வேறு வாங்க முடியாது. செய்த கம்பெனியே இப்போது இருக்காது. இருப்பதைத்தான் நிமிர்த்தியாக வேண்டும். நிமிர்த்துவது என்றால் நசுங்கின இடத்தில் ஓங்கிப் போடுவது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மட்கார்டு கேட் தூணில் மோதும்போது முதலில் ஒரு மடிப்பு விழும், அதனால் இரண்டாவது, அதனால் மூன்றாவது. நாங்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசியாக விழுந்ததை முதலில் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் தகடு முரண்டு பிடிக்கும், அப்புறம் எந்த ஆண்டவன் வந்தாலும் அது பழைய வளைவுக்கு வராது.

பத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறேன். அதில் பதினான்கு வருஷம் ஜன்னல் பெஞ்சில். பட்டறையில் மூன்று பெஞ்ச். இரண்டுக்கு டியூப்லைட் வெளிச்சம். ஜன்னலோரத்தில் இருக்கும் பெஞ்சுக்கு மட்டும் பகல் வெளிச்சம் சாய்வாக வந்து விழும். எங்கள் வேலையில் வெளிச்சம்தான் பாதிக் கை. தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் அந்த வெளிச்சத்தில் முடி கனத்து மேடுகூட நிழல் காட்டும். அதனால் அந்தப் பெஞ்ச் யாருக்கோ அவன்தான் பட்டறையின் முதல் டிங்கர். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். முதலாளியம்மாவே வண்டிக்காரர்களிடம், "ஜன்னல் பெஞ்ச்சுல குடுத்திருக்கேன், கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்வார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருத்தர் சுத்தியலை இன்னொருத்தர் தொடக் கூடாது. ஒருமுறை எங்கள் பெயிண்டர் அவசரத்துக்கு என் சுத்தியலால் டப்பா மூடியைத் தட்டித் திறந்துவிட்டார். இரண்டு மாதம் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் டீ வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, கடைசியில் கோபித்துக்கொண்டு, மறுபடி டீ வாங்கிக் கொடுத்த பிறகுதான் சரியானது.

இத்தனைக்கும் என் சுத்தியலின் முகத்தில் ஒரு சின்ன உடைசல் இருந்தது. வெட்டின நகத் துணுக்கு அளவுதான், பிறை வடிவம். என்றோ வெல்டிங் கட்டியில் தெரியாமல் அடித்ததில் தெறித்தது. அதனால் நான் அடிக்கும் இடத்திலெல்லாம் ஒரு பிறைக் கோடு விழும். ஃபைல் என்கிற அரத்தால் அதைத் தேய்த்து எடுத்துவிடுவேன். சகலை சேர்ந்த முதல் வாரமே அதைக் கவனித்துவிட்டான்.

"அண்ணே, குடுங்களேன். எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் தரேன். வாத்தியக் கடையில நான் தினம் பண்ணதுதான்."

"என் சுத்தியல் எனக்குப் பழகினது. நீ உன் வேலையப் பாரு தம்பி."

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். முகம்கூடச் சுருங்கவில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே அதுதான்.

அவனை யாரும் திட்ட முடியாது. அதுதான் கஷ்டம். சீக்கிரம் வருவான், குறைவாகப் பேசுவான். கண்ணை மூடிக்கொண்டு இடது உள்ளங்கையால் தகட்டைத் தடவுவான், பிறகு பூனை நடக்கிற மாதிரி நாலு தட்டு, திரும்பத் தடவல். வாத்தியத் தகடு மெல்லிசு, அதில் ஒரு அடி கூடினாலும் ஓட்டை. அந்தப் பயம் அவன் கையில் இருந்தது, எங்கள் கனத்த தகட்டுக்கு அது வரமாக அமைந்துவிட்டது. இரண்டு வருஷத்தில் பட்டறை அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. என்னைப் பெரியவர் என்றார்கள், அவனைச் சின்னவர் என்றார்கள். முன்பு எனக்குப் பெயரே தேவைப்படவில்லை. டிங்கர் என்றாலே நான்தான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. சமையலறைக் கதவின் கீல் வளைந்து கதவு தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக நாளைக்குப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வருகிறேன், கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொள்கிறது.

"தங்கச்சியும் அவரும் வந்திருந்தாங்க. பேசிக்கிட்டே கழட்டி, தட்டி, மாட்டிட்டாரு. பத்து நிமிஷம்" என்றாள் மனைவி. கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி வேடிக்கை காட்டினாள்.

"நான்தான் பண்றேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அத யாரு இல்லைன்னா."

வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள். எனக்கு நிஜமாகவே எரிந்தது. அன்று மோரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வெளிர் பச்சை வண்டி வந்தது. முன்பக்கம் மொத்தமும் நசுங்கி, மேலே பள்ளத்தை அடைக்கும் புட்டிப் பசையை அப்பி யாரோ மூடி வைத்திருந்தார்கள். புட்டியைச் சுரண்டினால் உள்ளே இரண்டு மட்கார்டும் கசங்கின காகிதம். முதலாளியம்மா இடது மட்கார்டை எனக்கும் வலதை அவனுக்கும் கொடுத்தார். போட்டி என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரே வண்டியின் இரண்டு கன்னத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் அதற்கு வேறு என்ன பெயர்?

எனக்குப் பதினோரு நாள் ஆனது. அவன் டியூப்லைட் அடியில் எட்டு நாளில் முடித்தான்.

புதன்கிழமை காலை முதலாளியம்மா வந்தார். அவர் கண்ணால் பார்க்க மாட்டார். மெல்லிய பருத்தித் துணியை உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு தகட்டின் மேல் ஓட்டுவார். துணி வழுக்கிக்கொண்டு போகும்போது மேடு பள்ளம் கைக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். என் மட்கார்டில் ஹெட்லைட் வளையத்துக்குப் பக்கத்தில் அவர் கை நின்றது.

"பெரியவரே, இங்க லேசா ஒண்ணு இருக்கு. பாத்துக்குங்க."

பிறகு அவனுடையது. முன்னாலிருந்து பின்னால் வரை ஒரு தடவை, பின்னாலிருந்து முன்னால் வரை ஒரு தடவை. கை எங்கும் நிற்கவில்லை. துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அடுத்து பானெட் இருக்கு. அது பெரிய தகடு, வெளிச்சம் வேணும். திங்கக்கிழமைலேருந்து சின்னவர் ஜன்னல் பெஞ்ச்சுல பண்ணட்டும். உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எனக்கென்னம்மா" என்றேன். என் வாய்தான் சொன்னது. சகலை தலையைக் குனிந்துகொண்டு, "இருக்கட்டும்மா, எனக்கு இங்கயே பழகிடுச்சு" என்றான். அவன் பெருந்தன்மை எனக்கு இன்னொரு உதை. பெஞ்சைப் பிடுங்குபவன் பிடுங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே, எனக்காக வேறு பரிந்து பேசுவது எதற்கு?

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் எல்லோரும் எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனார்கள். எனக்குத் தலைவலி என்று சொல்லி உள்ளேயே இருந்தேன். அது பொய்யும் இல்லை. அவன் மட்கார்டு பிரைமர் அடிப்பதற்காகப் பெயிண்டரின் ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. போய் நின்றேன். தடவிப் பார்த்தேன். குறை ஏதாவது இருக்கும், கண்டுபிடிக்கலாம் என்றுதான் போனேன். சத்தியமாக அதற்குத்தான். பத்து நிமிஷம் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

எங்கள் வேலையில் ஒரு விஷயம் இருக்கிறது. பின்னால் நாங்கள் பிடிக்கும் கையடக்க இரும்புக் கட்டைக்கு டாலி என்று பெயர். டாலியைச் சற்றுத் தள்ளிப் பிடித்து அடித்தால் தகடு நிமிரும். டாலிக்கு நேர் மேலேயே அடித்தால் தகடு நசுங்கி மெலிந்து விரியும். விரிந்ததற்கு இருக்க இடம் போதாது. அப்புறம் கட்டைவிரலால் அழுத்தினால் டப் என்று உள்ளே போகும், விட்டால் டப் என்று வெளியே வரும். துள்ளுகிறது என்போம். புதிதாக வேலை பழகுகிறவர்கள் செய்கிற தப்பு அது.

என் சுத்தியலை எடுத்தேன். டாலியைப் பின்னால் கொடுத்தேன். மட்கார்டின் நடுவில், சமமாகக் கிடந்த இடத்தில், நேர் மேலே ஏழு அடி. அளந்து அடித்தேன். மேலே ஃபைலை நாலு இழுப்பு இழுத்து என் பிறைக் கோடுகளைத் தேய்த்துவிட்டேன். கட்டைவிரலால் அழுத்தினேன்.

டப்.

அந்தச் சத்தம் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, ரொம்பச் சந்தோஷமாக இருந்தது. சுத்தியலை ஆணியில் மாட்டிவிட்டு இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்குப் பெயிண்டர் துணியால் துடைத்துக்கொண்டே போனவர் அந்த இடத்தில் நின்றார். இரண்டு முறை அழுத்தினார்.

"சின்னவரே, இது என்ன, தாளம் போடுது?"

முதலாளியம்மா வந்து அழுத்திப் பார்த்தார். "நேத்து நான் கவனிக்கலையே" என்றார். குரலில் சூடு இல்லை, ஆனால் துணியை எடுத்து மறுபடி ஓட்டும்போது முகம் மாறியது. அவர் கை நின்றது.

சகலை கிட்டே வந்தான். வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு தடவினான். கண்ணைத் திறந்து, குனிந்து, கன்னம் படுகிற தூரத்தில் வைத்துப் பார்த்தான். அவ்வளவு நேரம் அவன் ஒரே இடத்தைப் பார்த்து நான் கண்டதில்லை. நான் தொடவே இல்லை என்று சொல்வான், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பான், மதியம் உள்ளே இருந்தது யார் என்று கேட்பார்கள். பதில் ஒன்றை மனதுக்குள் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"என் தப்புதாம்மா" என்றான். "கடைசியா தட்டும்போது கொஞ்சம் மிஞ்சியிருக்கும் போல."

"அப்ப என்ன பண்றது?"

"சூடு வெச்சு இழுக்கணும். அதுல அண்ணனுக்கு மேல ஆள் கிடையாது. அண்ணே, நீங்க பாருங்க."

நான் தகடு காய்ச்சும் கேஸ் விளக்கைப் பற்ற வைத்தேன். கிட்டே போனபோது அவன் சொன்னான், "ஒரு நிமிஷம் அண்ணே, ஓரத்துல கொஞ்சம் பிசிறு இருக்கு." சின்ன ஃபைலை எடுத்து ஒரு இடத்தில் மட்டும் மெதுவாக நாலைந்து இழுப்பு இழுத்தான். விரலால் தடவிப் பார்த்தான். "இப்ப பண்ணுங்க" என்று விலகிக்கொண்டான். சூடு வைப்பதற்கு முன் எதற்குப் பிசிறு எடுக்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் நான் இல்லை.

விரிந்த தகட்டைச் சுருக்குவது நிஜமாகவே எனக்குக் கை வந்த வேலை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு புள்ளியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத் துணியை வைத்து அமுக்க வேண்டும். தகடு சுரீர் என்று தன்னை இழுத்துக்கொள்ளும். ஒரு புள்ளி அதிகமானால் சுருங்கிப் பாழாகிவிடும். ஐந்து புள்ளி வைத்தேன். ஈரத் துணியைப் பிடித்தது சகலை. நான் கண்ணைக் காட்டுவதற்கு முன்பே அவன் கை வந்து நின்றது. ஆறாவது புள்ளிக்கு நான் விளக்கைத் தூக்கியபோது அவன் லேசாகத் தலையசைத்தான், வேண்டாம் என்று. அழுத்திப் பார்த்தேன். துள்ளவில்லை. அவன் சொன்னது சரி.

முதலாளியம்மா துணியை ஓட்டினார். கை நிற்கவில்லை.

"பெரியவர் இருக்கறதால பொழச்சோம். திங்கக்கிழமை பானெட்ட நீங்களே எடுத்துக்குங்க. ஜன்னல் பெஞ்ச் இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

பெயிண்டர் என் முதுகில் தட்டி, "கிழச்சிங்கம்" என்றார். சகலைகூடச் சிரித்தான். எனக்கு வெட்கமே இல்லாமல் இனித்தது. நானே உடைத்து, நானே ஒட்டி, அதற்கு மாலையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், பொழச்சோம், பொழச்சோம் என்று.

ஏழரை மணிக்கு மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"தங்கச்சி கேக்குறா, அவர் இன்னும் பட்டறையிலதான் இருக்காரான்னு. வீட்டுக்கு வரலையாம். போன் பண்ணா, சின்ன வேலை, வந்துடறேன்னு வெச்சுட்டாராம். என்ன ஆச்சு அங்க?"

"ஒண்ணுமில்ல. வேலையில ஒரு தப்பு பண்ணிட்டான். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்."

"அவரா? தப்பா?" என்றாள். அவள் நம்பவில்லை. சமையலறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அவன் தனியாக உட்கார்ந்து வருத்தப்படுவதை நினைத்துப் பார்த்தேன். பாவமாக இருந்தது. அந்தப் பாவத்துக்கு அடியில் ஒரு சின்ன நிறைவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆளாகப் பட்டறைக்குப் போனேன் என்று நினைத்தேன். சகலை முந்தியிருந்தான். டியூப்லைட் அடியில் ஒரு பம்பர் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தான். "வாங்க அண்ணே" என்றான். "ம்" என்றேன். ஜன்னலைத் திறந்தேன். வெளிச்சம் என் பெஞ்சில் சாய்வாக வந்து விழுந்தது. என் பெஞ்ச். ஆணியில் தொங்கிய சுத்தியலை எடுத்தேன்.

முகத்தில் பிறை இல்லை.

பட்டறை முழுக்க வேறு எந்த வெளிச்சத்திலும் அது அவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்காது. உடைசலின் ஆழம் வரைக்கும் முகத்தை ஒரே சீராக இறக்கி, விளிம்பை லேசாக உருட்டி, எமரி போட்டு, பிறகு துணியும் மெழுகும் போட்டிருந்தான். ஒரு கீறல் இல்லை. வாத்தியம் துலக்கின கை அது. இதற்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும்.

நேற்று அவன் சின்ன ஃபைலால் எடுத்த பிசிறு என்னவென்று அப்போதுதான் விளங்கியது. நான் தேய்த்ததில் ஒன்று தப்பியிருக்கிறது. நான் அடித்த இடத்தின் ஓரத்தில், பட்டறையில் ஒரே ஒரு சுத்தியல் மட்டும் போடுகிற கோடு. அதைக் கன்னம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் என் தப்பு என்று சொல்லியிருக்கிறான். முதலாளியம்மாவின் துணி அதன் மேல் மறுபடி போவதற்குள் அழித்திருக்கிறான். அதோடு விட்டானா? அந்தக் கோடு எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தையும் தேடி வந்து துடைத்திருக்கிறான்.

என் சுத்தியலை அவன் தொட்டிருக்கிறான். பட்டறை வழக்கப்படி நான் கூரை அதிரக் கத்தலாம். வாயைத் திறந்தேன். என்னவென்று கத்துவது? எந்தக் கோட்டைக் காணோம் என்று கேட்பது?

ஓட்டைத் தகடு ஒன்றை எடுத்து டாலி மேல் வைத்து ஒரு அடி அடித்தேன். வட்டமாக, சுத்தமாக, வழுவழுவென்று ஒரு தடம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இனிமேல் என் அடி எது, அவன் அடி எது என்று யாராலும் சொல்ல முடியாது. பத்தொன்பது வருஷத்தில் என் சுத்தியல் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை.

அந்தப் பக்கம் தட்டும் சத்தம் நின்றது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஆனால் காத்திருக்கிறான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாக்கின் நுனி வரை வந்தது.

"தம்பி."

"சொல்லுங்க அண்ணே."

"அங்க வெளிச்சம் போதுதா?"

"போதும் அண்ணே" என்றான்.

குத்தலா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. இரக்கமா என்று பார்த்தேன். அதுவும் இல்லை. கேட்டதற்குச் சொன்ன பதில், அவ்வளவுதான். திரும்பவும் தட்ட ஆரம்பித்தான். அந்த ஒரு வார்த்தையிலும் விரல் வைத்துத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்கும் ஒரு மேடு பள்ளம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.